போர்வை கேட்காத பறவை

வியன்னாவின் ஷான்புரூன் மிருகக்காட்சிசாலையில் ஒரு வெள்ளை மயில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்த சமயம். குளிர் தாங்காமல் கூடப் பொரித்த குஞ்சுகளெல்லாம் செத்துப்போக, மிஞ்சியது இது ஒன்றுதான். பராமரிப்பாளர் அதை இருப்பதிலேயே கதகதப்பான அறையில் கொண்டுபோய் விட்டார். அது ராட்சத ஆமைகளின் அறை. குஞ்சு பிழைத்துக்கொண்டது, வளர்ந்தது, தோகையும் வந்தது. அதற்கப்புறம் எத்தனை பேடுகளைப் பக்கத்தில் விட்டாலும் அவை அதன் கண்ணில் படவே இல்லை. கடைசிவரை ஆமைகளுக்கு முன்னால்தான் தோகை விரித்தது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய கோன்ராட் லோரென்ஸ், 1949-இல் வெளிவந்த தம் நூலில் இதைச் சொல்கிறார். சிரித்துக்கொண்டே தாண்டிப் போகக்கூடிய இடந்தான். எனக்கு மட்டும், யாராவது மயிலைச் செல்லமாக வளர்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த ஆமைகள் வந்து நின்றுவிடுகின்றன.

அமெரிக்காவில் மயில் கோழியோடு சேர்த்தி. பெரும்பாலான மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் நிறவாரியாக விலைப்பட்டியல் போட்டு விற்கின்றன: வெள்ளை, கறுப்புத்தோள், வெள்ளைத்திட்டு. நம் நீலமயிலைத் தென்கிழக்காசியப் பச்சைமயிலோடு சேர்த்து உண்டாக்கிய கலப்புக்கு ஸ்பால்டிங் என்று தனிப்பெயரே உண்டு. வளர்ப்பவர்கள் பேச்சில் பாதி தீவனமும் நோயும்தான். மயிலைக் கோழியோடு ஒரே மண்ணில் மேயவிட்டால் கோழியின் குடற்புழு வழியாக ஒரு கிருமி ஏறி மயிலின் ஈரலைக் கெடுத்துவிடும். கோழி பெரும்பாலும் ஒன்றும் நடக்காததுபோல் திரியும். குஞ்சுக்குச் சாதாரணக் கோழித்தீவனத்தில் இருக்கிற புரதம் காணாது, வான்கோழிக்குஞ்சுத் தீவனம் போடவேண்டும். முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். புதிதாக வாங்கிய மயிலைச் சில மாதம் கூண்டிலேயே வைத்திருந்து, இதுதான் நம் இடம் என்று அதற்குப் பட்டபிறகுதான் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே வேலி தாண்டிவிடும்.

மீதிப் பாதிப் பேச்சு, அதை எப்படி நம்மோடு ஒட்ட வைப்பது என்பது. வழி ஒன்றும் ரகசியமில்லை. இன்குபேட்டரில் 28 நாள் வைத்த முட்டை உடைந்ததும் குஞ்சு முதலில் பார்ப்பது உங்களை என்று ஆக்கிவிட வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பாருங்கள், உள்ளங்கையில் புழு வைத்துக் கொடுங்கள். தனியாக ஒரு குஞ்சை இப்படி வளர்த்தால் அது வீடு முழுக்கப் பின்னாலேயே ஓடிவரும், தோளில் ஏறித் தூங்கும், நீங்கள் கதவைச் சாத்தினால் வெளியே நின்று கீச்சிடும். முதல் ஓரிரண்டு வருஷம் வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம்.

மூன்றாம் வருஷம் தோகை வருகிறது. யார் முன்னால் விரிப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. விரிப்பது வால் இல்லை. வாலுக்கு மேலே முளைக்கும் 200 வாக்கிலான இறகுகள். உண்மையான வால் குட்டையாக, பழுப்பாக, பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். விரித்தபின் இறகுகளை நொடிக்கு 25 தடவை வாக்கில் அதிர வைக்கும். அந்தச் சலசலப்பு ஒரு பேடுக்காக ஏற்பட்டது. கையில் வளர்ந்த மயில் அதைச் சமையலறைக் கதவருகே உங்கள் செருப்புக்கு முன்னால் செய்யும். சில சேவல்களுக்கு மனிதன் இணையாகத் தெரிவதில்லை, போட்டியாளாகத் தெரிகிறான். காரின் பளபளப்பில் தன்னையே பார்த்துக் கொத்துகிற அதே வேகத்தில், காலைத் தூக்கிக்கொண்டு முள்ளால் அடிக்க வரும். ஊட்டி வளர்த்த கைதான் முதலில் கிழியும். இதனாலேயே அனுபவப்பட்ட வளர்ப்பாளர்கள் ஒற்றைக்குஞ்சு வளர்க்காதீர்கள், இன்னொரு குஞ்சாவது கூட இருக்கட்டும் என்கிறார்கள். மயிலுக்குத் தான் மயில் என்று தெரியவேண்டும் இல்லையா.

2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்தில் ஒரு பெண் டெக்ஸ்டர் என்ற மயிலோடு விமானம் ஏற வந்தார். மன ஆறுதலுக்கான துணைப்பிராணி என்றார். அதற்குத் தனியாக ஒரு பயணச்சீட்டுக்குப் பணம் தரவும் தயாராக இருந்தார். நிறுவனம் ஏற்றிக்கொள்ளவில்லை. பயணிச்சாமான் வண்டியின் மேல் தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு அது உட்கார்ந்திருந்த படம் உலகமெல்லாம் சுற்றியது. அந்தப் பெண்ணைக் கேலிசெய்ய எனக்கு மனமில்லை. அவருக்கு ஆறுதல் கிடைத்திருக்கலாம். மயிலின் தரப்பை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மயிலோடு வாழத் தெரிந்தவர் என்று நான் நினைப்பது ஃபிளானரி ஓ’கானரைத்தான். ஐந்து வயதில் அவரிடம் பின்னோக்கி நடக்கும் ஒரு கோழி இருந்தது. நியூயார்க்கிலிருந்து செய்திப்படக்காரர்கள் சவானாவுக்கு வந்து அதைப் படமெடுத்துப் போனார்கள். அன்று தொடங்கிய கோழிப்பித்து கடைசியில் மயிலில் போய் நின்றது. 1952-இல், ஃபுளோரிடாவின் சந்தை அறிவிப்புத்தாள் ஒன்றில் ஜோடி 65 டாலர் என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஒரு சேவல், ஒரு பேடு, ஏழு வார வயதில் நான்கு குஞ்சுகள் என்று வரவழைத்தார். அப்போது அவருக்கு வயது 27. தகப்பனாரைக் கொன்ற லூப்பஸ் நோய்தான் தனக்கும் வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததும் அதே ஆண்டுதான். ஜார்ஜியா மாநிலத்தில், மில்லெட்ஜ்வில் ஊருக்கு வெளியே, ஆண்டலூசியா என்ற பால்பண்ணையில் தாயாரோடு வாழ்ந்தார். காலையில் எழுத்து, மிச்ச நேரம் பறவைகள். சில ஆண்டுகளில் ஊன்றுகோல் வந்தது. 1964-இல் 39 வயதில் இறந்துபோனார். அதற்குள் பண்ணையில் மயில்கள் நாற்பதைத் தொட்டிருந்தன.

நோயாளிக்குப் பறவை ஆறுதல் என்று ஒரு கதை பண்ணிவிடலாம். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1961 செப்டம்பரில் ‘ஹாலிடே’ இதழில் மயில் வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. மயில் தன்னை நேசித்ததாகவும் எங்கும் சொல்லவில்லை. வந்த அன்றிலிருந்து அவை தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்ப, கொஞ்சம் பெருமையாகக்கூட, எழுதுகிறார். தாயாரின் ரோஜாக்களைத் தின்றன. தின்ன மனமில்லாத பூவையும் கிள்ளிக் கீழே போட்டன. அத்தி மரத்தில் ஏறின, வேர்க்கடலையைத் தின்றன, வேலிக்கம்பங்களில் ஏறி உட்கார்ந்து அதை ஆட்டி ஆட்டிச் சாய்த்தன. ராத்திரி ஒன்று கத்த, தொலைவில் இன்னொன்று எடுக்க, விடியும்வரை முறைவைத்துக் கத்தின. ஒரு மயிலின் பழக்கவழக்கம் கண்ணுக்கே தெரியாது, நாற்பதால் பெருக்கினால்தான் அது ஒரு பிரச்சினை என்பது அவர் கணக்கு.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த ஆள் தொலைபேசிக் கம்பி பழுதுபார்க்க வந்தவர். வேலை முடிந்தும் போகாமல், மயில் தோகை விரிப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்கிறார். அது விரிப்பதாக இல்லை. காத்துக் காத்துச் சலித்துக் கிளம்புகிற நேரத்தில் விரிக்கிறது, அசைத்துக்காட்டுகிறது, முழுதாக ஒரு சுற்றும் சுற்றுகிறது. மனிதர் வாயைத் திறக்கவில்லை. எப்படி இருந்தது என்று ஓ’கானர் கேட்டதற்கு, இவ்வளவு நீளமான, அசிங்கமான காலை நான் பார்த்ததேயில்லை, பஸ்ஸை முந்திவிடும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். ஓ’கானருக்கு அவர்மேல் கோபமில்லை. எனக்கும் இல்லை. கால்களைப் பார்த்தவர் பொய் சொல்லவில்லை.

‘இடம்பெயர்ந்தவன்’ என்று சொல்லத்தக்க அவருடைய நெடுங்கதையில் இதையே கறாராக்கி வைத்திருக்கிறார். பண்ணைக்காரி மிசஸ் மெக்கின்டயர், செத்த கணவன் ஆசையாக வளர்த்த மயில்களை ஒவ்வொன்றாகச் சாகவிட்டுவிட்டாள். மிஞ்சிய மயில் அவளுக்கு இன்னொரு வாய், அவ்வளவே. வந்திருக்கும் கிழட்டுப் பாதிரியார் அது தோகை விரித்ததும் பேச்சை மறந்து நின்றுவிடுகிறார், அவருக்கு அங்கே கிறிஸ்து தெரிகிறார். இரண்டு பேருமே மயிலைப் பார்க்கவில்லை என்றும் படிக்கலாம். ஓ’கானர் பாதிரியாரின் பக்கந்தான், சந்தேகமில்லை. ஆனால் தினமும் காலையில் தீவனம் அள்ளிப் போட்டவர் என்ற முறையில் இன்னொரு வாய் என்பதன் கணக்கும் அவருக்குத் தெரியும்.

இந்தியாவில் இந்தக் கேள்வியே எழக்கூடாது. 1963-இல் மயில் தேசியப் பறவை ஆனது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை. பிடித்தாலோ, அடைத்து வைத்தாலோ, முட்டையை எடுத்தாலோ மூன்றிலிருந்து ஏழு ஆண்டுவரை சிறை. அபராதம் 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய். தானாக உதிர்ந்த தோகைக்கு மட்டும் உள்நாட்டில் விலக்கு. அதனால்தான் பழனிப் பாதையில் மயில்பீலி விற்கிறவர்களை யாரும் பிடிப்பதில்லை. புலிக்கும் யானைக்கும் இருக்கிற பாதுகாப்பு, சோளக்காட்டில் நம் கண்ணெதிரே மேய்கிற பறவைக்கும் இருக்கிறது.

ஆனால் ஊர்ப்பக்கம் முட்டை கிடைக்கத்தான் செய்கிறது. தாராபுரம் பக்கத்தில் என் பெரியம்மா தோட்டத்தில், வரப்புப் புதரில் நாய் விரட்டிப் பேடு விட்டுப்போன ஐந்து முட்டைகளை, உழவோட்டியவர் துண்டில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா அதைப் பாழாக விடவில்லை, அடைக்கோழிக்குக் கீழே வைத்துவிட்டார். கோழிக்கு 21 நாள்தான் கணக்கு. அதன் பொறுமை முடிகிற நேரத்தில் இந்த முட்டைகளுக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி. பெரியம்மா கூடையை நகர்த்தாமல், குருணையையும் தண்ணீரையும் கோழியின் அலகுக்குக் கிட்டேயே வைத்து அதை எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொண்டார். மூன்று பொரித்தன. பொரிக்கும்போதே இறக்கையில் இறகின் தண்டு இருந்தது. கோழிக்குஞ்சுகள் தரையில் உருண்டுகொண்டிருக்கும் வயதில் இவை தொழுவத்துத் திண்ணைக்குப் பறந்தன. சில வாரம் போனதும் பொழுது சாய்ந்தால் முருங்கைக் கொப்பில் ஏறிக்கொண்டன. கோழி மரத்தடியில் சுற்றிச் சுற்றி வந்து கொக்கரித்து இறக்கைக்குள் கூப்பிடும். மேலே மூன்றும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும், இறங்காது. கடைசியில் கோழி மதில்மேல் ஏறி, அங்கேயே கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

பெரியம்மா முறத்தில் வைத்தால் கொத்தும். கையை நீட்டினால் ஒரு எட்டு தள்ளி நிற்கும். ஓடாது, ஒட்டவும் ஒட்டாது. “அதுக்கு நம்மள ஆவுதில்ல கண்ணு, அரிசியத்தான் ஆவுது” என்பார். குறையாகச் சொன்னமாதிரி இருக்காது. பிறகு வேலிக் கள்ளிப்பக்கம் வரும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. காலையில் வரும் ஏழெட்டு மயிலில் நம்முடையது எது என்று சொல்ல முடியாமல் போயிற்று. பெரியம்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து வீசினார். சட்டப்படி பார்த்தால் முட்டையை அடை வைத்ததே குற்றம். அடைக்கோழிமேல் யாரும் வழக்குப் போடவில்லை.

உத்தரப்பிரதேசத்தில் போட்டார்கள். அமேதி மாவட்டத்து இளைஞர் ஒருவர், வயலில் காலொடிந்து கிடந்த சாரஸ் கொக்குக்கு மருந்து கட்டினார். கட்டிப்போடவில்லை, அடைக்கவில்லை. ஆறியபின்னும் அது போகவில்லை. அவர் மோட்டார் சைக்கிளுக்கு மேலே பறந்துகொண்டு கூடவே வந்தது. படங்கள் பரவின, 2023 மார்ச்சில் வனத்துறை வந்து பறவையைக் கொண்டுபோயிற்று. முதலில் சரணாலயம், பிறகு கான்பூர் மிருகக்காட்சிசாலை. அவர்மேல் வழக்கு. பார்க்கப் போனபோது கூண்டுக்குள் அது தவித்துக் குதித்ததை நாடே பார்த்தது. காட்டுப் பறவை மனிதனிடம் பழகக் கூடாது, பழகினால் அதற்குத்தான் கேடு என்பது சட்டத்தின் வாதம். ஆமை அறையில் வளர்ந்த மயிலை நினைத்தால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கூண்டில் போட்டதற்கு அதே வாதத்தில் என்ன பதில் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கொங்குநாட்டில் இன்று யாரும் மயிலை வளர்க்க வேண்டியதில்லை, அவையே வளர்ந்துகொள்கின்றன. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, எண்ணிக்கை வெகுவாகக் கூடிய பறவைகளில் மயிலைச் சொல்கிறது. முன்பு அரிதாகப் பார்த்த கேரளத்திலும் இப்போது தெருவில் நடக்கிறது. நரியும் காட்டுப்பூனையும் குறைந்துபோனதால் என்கிறார்கள், தரிசாகக் கிடக்கும் நிலத்தில் வேலிக்கருவை மண்டியதால் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். விராலிமலையில் முருகன் கோயிலைச் சுற்றி அவை உலவும்போது அழகாக இருக்கிறது. கோயமுத்தூர், திருப்பூர் மாவட்டத்துத் தக்காளிக் காட்டில் அந்த அழகு செல்லுபடியாவதில்லை. முளைவிட்ட கடலை, பிஞ்சு மிளகாய், கதிர் பிடித்த சோளம், எதையும் விடுவதில்லை. விதைத்தவர் பழைய சேலையை வேலியாகக் கட்டி, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டக்காரர் சொன்னார்: “முருகனோட வாகனமுங்க, கல்லெடுத்து எறியறதுக்குக் கை வருமுங்களா? ஆனா அதுக்குப் படியளக்கறது நாமதானுங்க, முருகனில்லீங்க.”

மயிலைச் செல்லமாக வளர்க்க ஆசைப்படுகிறவர் யாராவது இருந்தால், அவரை ஒரு வெள்ளாமைக் காலம் இந்தத் தோட்டத்தில் குடிவைக்கலாம் என்று தோன்றுகிறது. எறியவும் முடியாமல் கொஞ்சவும் முடியாமல், தகர டப்பாவோடு அதே பறவையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த மனிதரைவிட மயிலை நெருக்கமாக அறிந்தவர் யார்? எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் இறங்கும், எந்தச் சேவல் முதலில் வரும், எந்தப் பேட்டின் பின்னால் குஞ்சுகள் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். கூலியில்லாத இந்தக் காவலுக்கு அரசு ஏதாவது கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. தேசியப் பறவையின் சாப்பாட்டுச் செலவைச் சில ஏக்கர்க்காரர்கள் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் படமெடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

மயில் என்றதும் நமக்குப் பேகன் வந்துவிடுவான். ஆவியர் குடித் தலைவன், பொதினி மலைக்காரன். பொதினிதான் இன்றைய பழனி. குளிரில் நடுங்கிய மயிலுக்குப் போர்வையைக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். புறநானூற்றில் அதைப் பாடிய பரணர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்வதுதான் கவனிக்கவேண்டியது. 145-ஆம் பாட்டில் அது நடுங்கும் என்று இரங்கிக் கொடுத்தான். 141-இல், மயில் உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தே கொடுத்தான். பாடப்புத்தகம் முதலாவதை எடுத்துக்கொண்டது. எனக்கு இரண்டாமவன்தான் நம்பும்படி இருக்கிறான். மலையாள்பவனுக்கு மயிலைத் தெரியாமலா இருக்கும்? தோகை விரித்து அதிர்வதை நடுக்கம் என்று எடுத்துக்கொள்ள அவன் ஊருக்குப் புதியவனா? மயிலிடம் அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை. பிடிக்கவில்லை, கொண்டுபோய் அடைக்கவில்லை, பழக்கவில்லை. 141-க்கு அடுத்த பாட்டில் அவன் கொடையை, வறண்ட குளத்தில் பெய்வதுபோலவே உவர்நிலத்திலும் பெய்கிற மழையாகப் பரணர் காட்டுகிறார். உவர்நிலத்தில் பெய்தால் எதுவும் முளைக்காது என்று பரணருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் போய்விட்டான். 143-லிருந்து 147 வரை ஐந்து பாட்டுகள் அவனை வீட்டுக்குப் போகச் சொல்கின்றன. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் தனித்தனியாக வந்து கெஞ்சுகிறார்கள். 145-இல் பரணர் மயிலுக்குப் போர்வை தந்தவனே என்று விளித்துவிட்டு, எங்களுக்குப் பசியில்லை, சுமக்கச் சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர், நாங்கள் கேட்கும் பரிசில் அதுதான் என்கிறார். புகழ்ந்தபடியே குத்துகிற வித்தை பரணருக்குத் தெரியும். ஒன்றும் கேட்காத, பதிலுக்கு ஒன்றும் தராத பறவையிடம் அருளாக இருப்பதில் பேகனுக்குக் கஷ்டம் இருக்கவில்லை. கேட்கிறவள், அழுகிறவள் விஷயத்தில் நான்கு புலவர்கள் தேவைப்பட்டார்கள். அவன் தேர் பூட்டினானா என்பதற்கு அந்த ஐந்து பாட்டிலும் பதில் இல்லை. மயிலுக்குப் போர்த்தியது மட்டும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது.